யாழ்ப்பாணத்தில் மாரித் தோட்டம்: கூடாரம் வேண்டுமா, பொறுமை வேண்டுமா?

கேள்வி கேட்டவர் லண்டனில் பல வருடம் இருந்துவிட்டு, கோண்டாவிலில் அம்மாவின் வளவுக்குத் திரும்பி வந்திருக்கிறார். ஐப்பசி நடுவில் கோவா, தக்காளி, கரட், வெங்காயம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருக்கிறார். விதைகளில் பாதி லண்டனிலிருந்து கொண்டுவந்தவை. கார்த்திகை பிறப்பதற்குள் நாற்றுகள் பாதி அழுகிப்போய், மீதி மஞ்சளடித்து நிற்கின்றன. ‘குளிர்காலத் தோட்டத்துக்குப் பொலித்தீன் கூடாரம் போட வேண்டுமா, இல்லை இந்த வருடம் பிந்திவிட்டதா?’ என்று கேட்கிறார். கேள்வி கூடாரத்தைப் பற்றியதாகத் தெரிந்தாலும், அவர் உண்மையில் கேட்பது, யாழ்ப்பாணத்து மாரியில் செடியை எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதுதான். பிந்தவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பிந்தவில்லை, முந்திவிட்டார்.

நான் வலிகாமத்தில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். செம்மண் தோட்டங்கள்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்.

இங்கிலாந்தில் குளிர்காலம் என்றால் உறைபனி. செடியைச் சூடாக வைத்திருப்பதுதான் அங்கே வேலை. இங்கே மார்கழி, தை மாத அதிகாலையில்கூட வெப்பநிலை 22, 23 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும், பகலில் 28, 29. கோவாவுக்கும் கரட்டுக்கும் இது குளிரே அல்ல, வருடத்தில் அவை சகிக்கக்கூடிய ஒரே காலம். ஆனால் அந்த நல்ல காலத்துக்கு முன்னால் மழை வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டிவிடும். நவம்பரில் மட்டும் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது வழக்கம். ஆகவே நம்முடைய மாரி இரண்டு துண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைத் துண்டு. மார்கழி நடுவிலிருந்து மாசி வரை பனித் துண்டு. தோட்டம் நிற்பது இரண்டாவது துண்டில். முதல் துண்டு நாற்றுக்கும் மண் வேலைக்கும் உரியது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஐப்பசியில் எல்லாவற்றையும் வயலில் இறக்குவதால்தான் வருடாவருடம் பல வீட்டுத் தோட்டங்கள் கார்த்திகை விளக்கீட்டோடு முடிந்துபோகின்றன.

உங்கள் நாற்றுகள் அழுகியதற்கும் மஞ்சளடித்ததற்கும் காரணங்கள் வேறு வேறு. அழுகலைத் தருவது மண்ணிலிருக்கும் பூஞ்சண வகைகள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் தண்ணியில் ஊறியதுபோலாகி, நூலாக மெலிந்து, நாற்று சாய்ந்துவிடும். நெருக்கமாக விதைத்த, காற்றோட்டமில்லாத, எப்போதும் ஈரமாக இருக்கும் மேடையில் ஓரிரவில் ஒரு மூலையே போய்விடும். மஞ்சளுக்கு இரண்டு வழி உண்டு. வேரடியில் தண்ணி நின்றால் வேருக்குக் காற்றில்லை. அதனால் அது உணவை எடுக்க முடியாமல் போகும். செம்மண்ணில் தண்ணி நிற்காது, ஆனால் மழையோடு தழைச்சத்து கீழே கழுவப்பட்டுவிடும். கோண்டாவில் மண்ணில் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி: ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, நிறையத் தண்ணி ஊற்றுங்கள். ஒரு மணித்தியாலத்தில் வற்றினால் வடிகால் பிரச்சினை இல்லை. அடுத்த நாளும் தண்ணி நின்றால், அல்லது வெட்டும்போதே ஊறி வந்தால், பாத்தியை உயர்த்தாமல் எதுவும் செய்ய முடியாது.

மஞ்சளைப் பார்த்தவுடன் யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். அடுத்த மழை அதையும் கழுவிக்கொண்டு போகும். போவது எங்கே என்பதைக் கிணற்றைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

நாற்றுமேடைதான் இந்தக் காலத்தின் முக்கிய வேலை, அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன். மூன்றடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இருபக்கமும் நின்று கை எட்ட வேண்டும். உயரம் குறைந்தது அரையடி, மழை அதிகமென்றால் முக்காலடி. மேல்மண்ணும் நன்றாக மக்கிய மாட்டெருவும் சரிபாதி கலந்து, கட்டி இல்லாமல் உடைத்துப் போடுங்கள். பச்சைச் சாணம் கூடாது, அழுகலை அழைத்து வருவதே அதுதான். மேடையின் மேல் உமியும் வைக்கோலும் மாறிமாறி அடுக்கி எரிப்பது விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை. மேல் மண்ணிலுள்ள கிருமியைக் குறைக்கும். இப்போது வைக்கோல் நனைந்து கிடக்கும் காலம். வீட்டுத் தேவைக்கு இரண்டடி மேடை போதுமென்றால், கொதிக்கும் தண்ணியை நன்றாக ஊற்றி, ஆறவிட்டு, அடுத்த நாள் விதையுங்கள். ஒளி ஊடுருவும் பொலித்தீனை மூடி வெயிலில் மண்ணை வேகவைப்பது இன்னும் நல்ல முறை, ஆனால் அதற்கு ஆடி, ஆவணி வெயில் வேண்டும். அதை அடுத்த வருடத்துக்குக் குறித்து வையுங்கள்.

விதையைத் தூவ வேண்டாம். நான்கு அங்குல இடைவெளியில் கோடு கீறி, அரை அங்குலத்துக்குக் குறைவான ஆழத்தில் ஐதாகப் போட்டு மூடுங்கள். தண்ணி காலையில் மட்டும். இரவு மேடை ஈரத்தோடு தூங்கக் கூடாது. தட்டில் வளர்ப்பதானால் தும்புத்தூளை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணியில் அலசிப் பிழியுங்கள். சில தும்புத்தூளில் இருக்கும் உப்பே நாற்றைக் கருக்கிவிடும்.

இப்போது கூடாரம். முழுத் தோட்டத்துக்கும் பக்கமெல்லாம் மூடிய கூடாரம் போட்டால், வெயில் வந்த நாளில் உள்ளே நிற்க முடியாது. செடிக்கும் அப்படித்தான். மழை நாளில் உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பெருகும். காற்றையும் நினைக்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி, இரண்டும் நம்முடைய நாற்றுக்காலத்திலேதான் வந்தன. அரைகுறைக் கம்பத்தில் கட்டிய பொலித்தீன் அந்த மாதிரிக் காற்றில் பக்கத்து வளவு வேலியில்தான் கிடக்கும். கூரை வேண்டியது நாற்றுமேடைக்கு மட்டும். பிவிசி குழாயையோ வளைகிற கம்பையோ வில்லாக வளைத்து, இரண்டடி உயரத்தில் பொலித்தீனை மேலே மட்டும் போடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மழை விட்டால் எடுத்துவிடுங்கள். முன்பு கிடுகால் இதே வேலையைச் செய்தார்கள். கிடுகு வெயிலையும் மறைக்கும், அதனால் நாற்று நெடுத்து வெளிறிவிடும். இந்த இடத்தில் பொலித்தீன்தான் நல்லது.

மண்ணைப் பற்றி இணையத்தில் சொல்லப்படும் ஒன்றை நிச்சயமாகத் தவிர்க்கச் சொல்வேன்: சுண்ணாம்பும் டொலமைற்றும். நுவரெலியா, பதுளைப் பக்கத்து மண் அமிலத்தன்மை உள்ளது, அங்கே போட வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேலேயே கிடக்கிறது. நம் மண்ணில் காரம் ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது. இன்னும் ஏற்றினால் இரும்பு, நாகச் சத்துகளைச் செடி எடுக்காது, இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் வரும். அடுப்புச் சாம்பலையும் அளவோடு போடுங்கள். நம் மண்ணுக்குக் குறைவாக இருப்பது சேதனப் பொருள். பூவரசங் குழை, கிளுவைக் குழை, ஆட்டெரு, மாட்டெரு, எது கிடைத்தாலும் இப்போதே பாத்தியில் கொத்தி மூடுங்கள். நடுகைக்கு இன்னும் சில கிழமை இருக்கிறது, மழை ஈரத்தில் அது மக்கிவிடும். பழைய ஆட்கள் பனையோலையை வெட்டித் தாழ்த்துவார்கள். அது மெல்ல மக்கும், பல போகத்துக்கு மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும். அம்மாவின் வளவில் பனை நின்றால் காவோலையை எரிக்காதீர்கள்.

பயிர்களுக்கு வருவோம். தக்காளியையும் கத்தரியையும் இன்று விதைத்தால் மார்கழி இரண்டாம் மூன்றாம் கிழமையில் நடலாம். மழையும் அப்போது பெரும்பாலும் தணிந்திருக்கும். தக்காளிக்கு இரவு வெப்பம் கூடினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். அதனால்தான் தை, மாசிப் பூவில் பிடிக்கிற அளவுக்குச் சித்திரையில் காய் பிடிப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ப்பதால் மாசி, பங்குனியில் சந்தையில் தக்காளி விலை விழுந்து கிடக்கும். வீட்டுக்கு என்றால் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவையாக நடுங்கள். நட்ட பிறகு ஒரு செடி மஞ்சளாகாமல் பச்சையாகவே திடீரென்று வாடினால், தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணியில் பிடித்துப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு இழை இறங்கினால் அது பக்ரீரியா வாடல். மருந்து இல்லை. வேரோடு பிடுங்கி அகற்றிவிட்டு, அந்த இடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு நாலையும் சில போகத்துக்குத் தவிருங்கள். கத்தரியில் திருநெல்வேலி ஊதா என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு இனம் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அதைவிட வேறு தேட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கோவாவை இப்போது விதைத்தால் முட்டை கட்டும்போது பங்குனி வெயில் தொட்டுவிடும். இந்த வருடத்துக்கு மட்டும் நாற்று விற்கும் இடத்தில் வாங்குங்கள், அடுத்த வருடம் ஐப்பசிக் கடைசியில் நீங்களே மேடையில் போடலாம். வெப்பம் தாங்கும் கலப்பினமா என்று கேட்டு வாங்குங்கள். கே வை குறோஸ் போன்றவை இங்கே சரிவருகின்றன. நோக்கோல் கோவாவைவிட எளிது. நட்டு ஆறேழு கிழமையில் கிழங்கு வெட்டலாம், வெயிலுக்கு அகப்படாது. பூக்கோவாவை மட்டும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். வெப்ப நாட்டுக்குரிய இனம் போட்டும், ஒரு வருடம் வெள்ளையாக இறுகி வரும், அடுத்த வருடம் தளர்ந்து மஞ்சளாகும். ஆசைக்கு நாலு செடி வையுங்கள்.

கரட்டை நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடாதீர்கள், கிழங்கு கவடு விடும். நேரே பாத்தியில் விதைக்க வேண்டும். விதை சிறியது, மேலாகக் கிடக்கும், பெருமழை அடித்தால் எல்லாம் வாய்க்காலில் சேர்ந்துவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். மார்கழி பிறந்த பிறகு, மழை நாலைந்து நாள் விட்ட இடைவெளியில் விதையுங்கள், தொண்ணூறு நாள் அளவில் கிழங்கு. பீற்றூட் அப்படியல்ல, நாற்று நட்டாலும் கிழங்கு பிடிக்கும். யாழ்ப்பாணத்து மாரிப் பயிரில் புதிதாகச் செய்பவருக்கு முதலில் கொடுக்கக்கூடியது பீற்றூட்தான். முள்ளங்கி நாற்பது, நாற்பத்தைந்து நாள் வேலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உருளைக்கிழங்குக்கு இரவுக் குளிர் கிழங்கு கட்டும் நேரத்தில் வேண்டும், ஆகவே மார்கழி முதற் கிழமைக்குள் நட்டுவிட வேண்டும். தை பிறந்த பிறகு நட்டால் இலைதான் மிஞ்சும். சமையலுக்கு வாங்கிய கிழங்கை நடாதீர்கள், நோயும் சேர்ந்து வரும்.

வெங்காயத்தில் லண்டன் விதையின் கதை முடிந்துவிடுகிறது. அங்கத்தைய பெரிய வெங்காய இனங்கள் பலவற்றுக்குப் பகல் 14 மணித்தியாலத்துக்கு மேல் நீண்டால்தான் குமிழ் கட்டும். யாழ்ப்பாணத்தின் மிக நீண்ட பகலே 13 மணித்தியாலத்தைத் தொடாது. எவ்வளவு பசளை போட்டாலும் அது தாளாகவே நிற்கும். குளிர் பட்டுத்தான் பூக்கும் லண்டன் பூக்கோவா இனங்களுக்கும் இதே கதி. விதைகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். சின்ன வெங்காயத்தின் விதைக் காயை, வேதாளன் போன்ற உள்ளூர் இனத்தில், தோட்டக்காரரிடம் வாங்கி மார்கழி நடுவில் ஊன்றுங்கள். புதிதாகக் கிண்டிய காய் உடனே முளைக்காது, சில கிழமை ஓய்ந்த காய்தான் வேண்டும். மழையில் ஊன்றினால் இலை முறுகிச் சுருளும் நோய் வரும். அதுவும் பூஞ்சணந்தான், மழைச் சாரலில் பரவுவது.

மழைத் துண்டில் உண்பதற்கு ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரத்தை விரும்புபவை. பயிற்றை, புடோல், பாகல் ஆகியவற்றை முன்கூட்டியே பந்தலில் ஏற்றியிருந்தால் மழையில் நின்றுபிடிக்கும். ஆவணி, புரட்டாதியில் பனங்கொட்டையைப் பாத்தி போட்டவருக்கு மார்கழி, தையில் கிழங்கு கிண்டலாம். இறைப்பும் இல்லை, பசளையும் இல்லை, மருந்தும் இல்லை. குடாநாட்டின் அசல் மாரித் தோட்டம் அதுதான் என்று நான் சொன்னால், கரட் போட வந்தவர்கள் சிரிப்பார்கள். அவித்து வைத்தால் சிரிக்காமல் சாப்பிடுவார்கள்.

மழை விட்டவுடன் பயிர் தப்பிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. பனி வேறு விதமாக வேலை செய்யும். இலை காலை எட்டு மணிவரை நனைந்தே நிற்கும். வெங்காயத்தில் ஊதாப் புள்ளி, தக்காளி, உருளைக்கிழங்கில் வெளிறல் நோய், பூசணி, பாகல் வகையில் சாம்பல் பூத்ததுபோன்ற நோய், எல்லாம் இந்தக் காலத்துக்குரியவை. இதற்குப் பாதி மருந்து இடைவெளிதான். தக்காளிக்கு இரண்டடி என்றால் இரண்டடி விடுங்கள், கீழ் இலைகளைக் கிள்ளுங்கள், தடி ஊன்றிக் கட்டுங்கள். மாலையில் மேலால் தண்ணி தெளிக்க வேண்டாம், காலையில் வேரடிக்கு விடுங்கள். மருந்து என்று போனால், கடைக்காரர் கையில் கிடைத்ததைத் தருவதை வாங்காமல், நோய்பட்ட இலை ஒன்றைப் பையில் போட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். இலையைப் பார்க்காமல் மருந்தின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்.

நத்தையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாற்று இரவோடிரவாகக் காணாமல் போயிருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். ஆபிரிக்க நத்தை மாரியில் பெருகும். இரவில் டோர்ச்சோடு போய்ப் பொறுக்கி, உப்புத் தண்ணி வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், மனிதனுக்கு நோய் தரும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். உப்பைப் பாத்தியில் தூவாதீர்கள், நத்தை போனாலும் மண் கெடும். நத்தையின் காரணத்தால் மழை முடியும்வரை சருகு மூடாக்கும் வேண்டாம், அதன் அடியில்தான் நத்தை பகலில் கிடக்கும். தை பிறந்த பிறகு மூடாக்குப் போடுங்கள், அப்போது ஈரம் காக்க அது தேவைப்படும்.

சரி, கிணறு. செம்மண்ணுக்கு அடியில் வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணாம்புக் கல். மேலே போட்ட யூரியா மழையோடு இறங்கி நைத்திரேற்றாக நேரே கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. தோட்டங்கள் நெருங்கிய வலிகாமத்தில் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் பல உண்டு. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணி வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். அம்மா குடிக்கும் கிணறும் தோட்டக் கிணறும் ஒன்றாக இருந்தால், யூரியாவை மழைத் துண்டில் தொடவே வேண்டாம். பிறகும் சிறிது சிறிதாகப் பிரித்து, இறைப்புக்குச் சற்று முன் போடுங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் தண்ணியைச் சோதித்துத் தருவார்கள், ஒரு தடவை செய்து பார்ப்பது நல்லது.

இன்னொன்று உப்பு. நம் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு படைதான். புத்தூர் நிலாவரையில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், குடாநாடு முழுவதற்கும் அடிப்படை அதுதான். மார்கழியில் கிணறு ததும்பி நிற்கிறது என்று மோட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டால், பங்குனி, சித்திரையில் உவர் ஏறும். தையில் செம்மண்ணுக்கு மூன்று நாலு நாளுக்கு ஒரு இறைப்புப் போதும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் மோட்டரைத் தொடாதீர்கள்.

தமிழ்நாட்டு வீடியோக்களில் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். அங்கே அது சரி. இங்கே ஆடியில் சோளகக் காற்றும் வறட்சியும். நாட்காட்டியைக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டாம். நான் சொன்ன மாதக் கணக்கும் வலிகாமத்துச் செம்மண்ணுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். தென்மராட்சி மணலில் பசளை இன்னும் வேகமாகக் கழுவப்படும். தீவுப்பகுதியிலும் கடல்நீரேரிக் கரையிலும் உவர் வேறு கணக்கு, அங்கே செய்பவரைக் கேட்பதுதான் சரி. மழை எப்போது விடும் என்பதையும் ஒருவராலும் திகதி போட்டுச் சொல்ல முடியாது. தைப்பொங்கல் பானையை மழைக்கு ஒதுக்கி வைத்த வருடங்களும் உண்டு. அதனால்தான் எந்தப் பயிரையும் ஒரே நாளில் முழுதாக நடாமல் இரண்டு தடவையாக நடச் சொல்கிறேன்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது இவ்வளவு: நிற்கும் மஞ்சள் நாற்றில் தண்டு உறுதியானவற்றை மட்டும் விட்டு மீதியைப் பிடுங்குங்கள். பாத்தியை அரையடி உயர்த்தி எருவும் குழையும் கொத்தி மூடுங்கள். உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் நல்ல விதைக் கிழங்குக்கு இப்போதே சொல்லி வையுங்கள். நாற்றுமேடையில் தக்காளி, கத்தரி, பீற்றூட், நோக்கோல் நான்கையும் கோடு கீறி விதைத்து, மேலே கூரை போடுங்கள். கரட் விதைப் பையைப் பிரிக்காமல் காய்ந்த இடத்தில் வைத்திருங்கள்.